மோவாயால் பார்ப்பவள்

என் டைரியில் அவளைப் பற்றிய முதல் வரி தவறானது. "அடக்கமான பெண். நாங்கள் இருந்த முக்கால் மணி நேரத்தில் ஒருமுறைகூடக் கண்ணை உயர்த்தவில்லை" என்று எழுதியிருக்கிறேன். அது ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தேகால். அதற்கு முந்தைய நாள் உறைபனி விழுந்து பள்ளத்துத் தேயிலை கருகியிருந்தது என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. உறைபனி பற்றிய குறிப்பில் பிழையில்லை.

கீழ்க் கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசில் நான் கிளார்க்காக இருந்தேன். தினமும் காலை ஏழு மணிக்கு மழைமானியைப் பார்த்து அளவைப் புத்தகத்தில் ஏற்றுவது என் வேலைகளில் ஒன்று. அந்தப் பழக்கம் மெல்ல மற்றவற்றுக்கும் பரவியது. ஃபேக்டரிப் புகைபோக்கியில் புகை வந்த நாள், வராத நாள், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் யாருக்கு என்ன விசேஷம், கோத்தகிரி நூலகத்தில் என்ன புத்தகம் எடுத்தேன், எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதினேன். எழுதி வைத்தால் தப்பாது என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை எப்படிக் குறைந்தது என்பதும் இதில் வரும்.

பெண் பார்க்க என்னோடு வந்தது என் அம்மா. இலங்கையில் கொழுந்து பறித்து, கப்பலேறி வந்து, இங்கேயும் கொழுந்து பறித்தவர். கூர்மையான கண், அதைவிடக் கூர்மையான வாய். பெண் தேத்தண்ணித் தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள், கும்பிட்டாள், உள்ளே போனாள். திரும்பி வரும் வழியில் அம்மாவுக்கு அவ்வளவு திருப்தி.

"பாத்தியா தம்பி. தட்டைக் குடுத்துச்சு, கும்பிட்டுச்சு, போச்சு. தரையத் தவிர வேற ஒண்ணையும் பாக்கல. இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ளைய எங்க போய்த் தேடுறது?"

பெண்ணின் தாயும் "எங்க புள்ளைக்குக் கூச்சம் சாஸ்திங்க" என்று பெருமையாகத்தான் சொல்லியிருந்தார். யாரும் பொய் சொல்லவில்லை. பெண் பார்க்கப் போகிற வீட்டில் இமை தாழ்ந்திருந்தால் அதற்கு எங்களிடம் ஒரே ஒரு விளக்கம்தான் இருந்தது. அவளுக்கு அப்போது இருபத்தொரு வயது. இமையைத் தூக்கும் தசை ஏற்கெனவே பாதிக்கு மேல் ஓய்ந்துவிட்டது என்பது அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் தெரியாது, அவள் உட்பட.

பின்னொரு நாள் அவளிடம் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள்.

"நானும் உங்க மூஞ்சியப் பாக்கணும்னுதான் நெனச்சேன். தலையத் தூக்கினா எங்கம்மா பின்னாலருந்து கிள்ளுச்சு."

கல்யாணத்துக்குக் கோத்தகிரியிலிருந்து வந்த போட்டோகிராஃபர் மூன்று முறை கேமராவைக் கீழே இறக்கினார். "கண்ணைத் தொறம்மா" என்றார். "தொறந்துதாங்க இருக்கு" என்றாள் அவள். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். போட்டோவில் நான் விறைப்பாக நிற்கிறேன். அவள் நின்றபடியே தூங்குகிறாள்.

கல்யாணத்துக்குப் பிறகு கிள்ள ஆள் இல்லை. மோவாயை முன்னால் நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, இமைக்கு அடியில் மிஞ்சியிருந்த கீற்று வழியாக உலகத்தைப் பார்க்கத் தொடங்கினாள். பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க முழுத் தலையையும் திருப்பினாள். லயத்தில் இதற்கு வைத்த பெயர் திமிர். அம்மாவால் இதைத் தாங்க முடியவில்லை.

"பொண்ணு பாக்கப் போனப்ப தரையப் பாத்தா. இப்ப வானத்தப் பாக்குறா. நடுவுல மனுசங்க நாங்க இருக்கோம், எங்களப் பாக்கத்தான் மனசு வரல."

"உங்களைத்தான் பாக்குறேன் மாமி. நீங்க இருக்கிற அகலத்துக்கு ஒரே தடவைல முழுசாத் தெரிய மாட்டேங்குது."

அம்மா ஒரு முழு நிமிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். பிறகு சிரிப்பில் தோள் குலுங்கியது. அன்றைக்கு அவர்களுக்குள் ஏதோ சமாதானம் ஆனது. ஆனாலும் திமிர் என்ற பேச்சை அம்மா விடவில்லை.

அவள் முதலில் கொழுந்து பறித்தாள். மதியத்துக்கு மேல் கை கனத்துவிடும். கூடையை முதுகுக்குத் தூக்கவே இன்னொருவர் வேண்டியிருந்தது. இரண்டாவது ஆண்டு அவளைப் பிள்ளைக்காம்பராவுக்கு மாற்றினார்கள். பறிக்கப் போகும் தாய்மார் சின்னக் குழந்தைகளை விட்டுச் செல்லும் அறை அது. நாங்கள் இலங்கையிலிருந்து கொண்டுவந்த சொல், இங்கேயும் நிலைத்துவிட்டது. அப்போது அங்கே பத்தொன்பது பிள்ளைகள்.

அவள் அங்கே செய்ததை நான் பல பக்கங்களில் குறித்திருக்கிறேன். இன்று படிக்கும்போதுதான் அவற்றின் அருமை புரிகிறது. அதுவரை சேலைத் தொட்டில்கள் சுவரோரம் ஒரே வரிசையில் தொங்கின. முன்பிருந்த ஆயா நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கண்ணை ஓட்டுவார். இவளால் அது முடியாது. வந்த முதல் வாரமே தச்சரைக் கூப்பிட்டுத் தொட்டில்களை அரைவட்டமாக மாற்றிக் கட்டச் சொன்னாள். மூலையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் எல்லாம் அவளுக்கு நேர் எதிரே இருக்கும். கங்காணி வந்து, "இதென்ன, கோயில்ல சாமி பாக்கிற மாதிரி ஒக்காந்திருக்க?" என்று கேட்டார். "ஆமாங்க, பத்தொம்பது சாமி" என்றாள்.

நகம் வெட்டுவது, அட்டைப்பூச்சி கடித்த இடத்தைத் துடைப்பது, பால் பவுடர் அளப்பது போன்ற நுணுக்கமான வேலைகளுக்கு மருந்தகத்திலிருந்து பிளாஸ்திரிச் சுருள் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். மெல்லிய துண்டுகளாகக் கத்தரித்து இமையைப் புருவத்தோடு ஒட்டிக்கொள்வாள். கண் வறண்டு எரியும்போது உரித்துவிட்டுச் சிறிது நேரம் மூடியிருப்பாள். ஒரு மதியம் ஏதோ பதிவேட்டோடு உள்ளே போனேன். பத்தொன்பது பிள்ளைகளும் இமையில் பிளாஸ்திரியோடு என்னை உற்றுப் பார்த்தன. ஒன்றுகூடச் சிரிக்கவில்லை.

"எல்லாருக்கும் வேணும்னு அழுதாங்க. ஒட்டிவிட்டேன். இன்னைக்கு ஒருத்தரும் தூங்க மாட்டாங்களாம்" என்றாள் அவள்.

பச்சைத் தேயிலை விலை சரியத் தொடங்கிய ஆண்டுகள் அவை, தொண்ணூறுகளின் கடைசி. ஃபேக்டரி வாரம் நான்கு நாள் ஓடியது, பிறகு மூன்று நாள். புகைபோக்கிக் கணக்கில் வெற்றுக் கட்டங்கள் கூடிக்கொண்டே போயின. குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்கின. பூட்டிய காம்பராக்கள் லயத்துக்கு லயம் தெரிந்தன. பத்தொன்பது பிள்ளைகள் பதினொன்றானார்கள், பிறகு ஏழு. மூலையில் உட்கார்ந்து அவள் பார்த்த அரைவட்டத்தில் தொட்டில் இல்லாத இடைவெளிகள் விழுந்தன. அவள் தொட்டில்களை நெருக்கி மறுபடி கட்டினாள். வட்டம் சிறியதானது, வடிவம் மாறவில்லை.

ஏழு பிள்ளைகள் மிஞ்சிய ஆண்டின் டைரியில் மூன்று குறிப்புகள் இருக்கின்றன. அப்படியே தருகிறேன்.

வைகாசி, செவ்வாய். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கையில் மயக்கம். விரதம்.

ஆடி, வெள்ளி. கோயிலில் மயக்கம். கூட்ட நெரிசல்.

புரட்டாசி, திங்கள். பிள்ளைக்காம்பராவில் உட்கார்ந்தபடியே சரிந்தாள். முந்தைய நாள் தூக்கமில்லை.

மருந்தகத்துக் கம்பவுண்டர் சத்துக் குறைவு என்று டானிக் கொடுத்தார். அதையும் தேதி போட்டு எழுதினேன்.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு சனிக்கிழமை தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடந்தது. முதியவர்களுக்குப் புரை பார்க்கத்தான் வந்திருந்தார்கள். அம்மாவை அழைத்துப் போனவள் இவள், நானும் கூடப் போயிருந்தேன். அம்மாவைச் சோதித்து முடித்த இளம் பெண் மருத்துவர், பின்னால் மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றவளைப் பார்த்தார். நாற்காலியைக் காட்டினார்.

"தலைய ஆட்டாம என் விரலை மட்டும் பாருங்க."

"தலைய ஆட்டாம எப்படிங்க பாக்கிறது?"

"கண்ணை மட்டும் திருப்பணும்."

"சின்னப் புள்ளைல திருப்பியிருப்பேங்க. வளந்தா நின்னு போயிரும்னு நெனச்சேன். டான்ஸ் ஆடறவங்க மட்டும் பழகி வச்சிருப்பாங்கன்னு."

மருத்துவர் சிரிக்கவில்லை. விளக்கைப் பிடித்துக் கண்ணுக்குள் நெடுநேரம் பார்த்தார். மங்கலான இடத்தில் தடுக்குமா என்று கேட்டார். தடுக்கும் என்றாள். மயக்கம் உண்டா என்று கேட்டார். உண்டு என்றாள். மருத்துவர் விளக்கை வைத்துவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கண் டாக்டர் எதற்கு நாடி பார்க்கிறார் என்று அம்மா என் காதில் கேட்டார். எனக்கும் விளங்கவில்லை. கோவையில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, "இவங்களோட பழைய போட்டோ எது இருந்தாலும் எடுத்துட்டுப் போங்க. சின்ன வயசு போட்டோ முக்கியம்" என்றார்.

போட்டோ கேட்டால் எனக்குச் சொல்லவா வேண்டும். கப்பலில் வந்த குடும்பங்களுக்குத் தந்த அடையாள அட்டையில் ஆறு வயதுப் பெண்ணாக அவள் நிற்கிறாள். இரண்டு கண்ணும் அகலத் திறந்து, பயத்தில் கேமராவையே விழுங்குவதுபோல் பார்க்கிறாள். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்துக் குழுப்படம்: வலது இமை ஒரு நெல்லளவு தாழ்ந்திருக்கிறது. பதினேழில் ஒரு சடங்கு வீட்டுப் படம்: இரண்டு இமையும். பிறகு கல்யாணப் படம். எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் கீழும் மாதத்தையும் வயதையும் எழுதி, ஓர் அட்டவணையும் தயாரித்தேன்.

கோவையில் எங்களைப் பார்த்த நரம்பு மருத்துவர் நடுவயதுக்காரர், நிதானமானவர். படங்களை மேசையில் பரப்பினார். "இப்படி அட்டவணையோட யாரும் வந்ததில்ல" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மயக்கம் பற்றிக் கேட்டார். டைரியைத் திறந்து மூன்று குறிப்புகளையும் படித்தேன். அவர் கையை நீட்டி டைரியை வாங்கித் தானே ஒருமுறை படித்தார்.

"விரதம், நெரிசல், தூக்கம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க."

"காரணத்தை எழுதாம விட்டிருந்தா மூணையும் சேத்து வச்சுப் பாத்திருப்பீங்க."

அவர் கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் நான் படித்த எந்தப் புத்தகமும் எனக்கு அவ்வளவு கற்றுத் தந்ததில்லை. அன்றிலிருந்து என் டைரியில் நடந்தது மட்டும்தான் இருக்கிறது.

இதயத் துடிப்பைக் காகிதத்தில் வரைந்து பார்த்தார்கள். கையிலிருந்து ஒரு துளித் தசையை எடுத்தார்கள். அதன் முடிவு வந்த நாளில் மருத்துவர் எங்களுக்கு விளக்கினார். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உணவை எரித்துச் சக்தி தரும் சின்னச் சின்ன அடுப்புகள் இருக்கின்றனவாம். மைட்டோகாண்ட்ரியா என்று பெயர். இவளுடையவற்றில் பல சரியாக எரியவில்லை. ஓயாமல் உழைக்கும் இடங்களில்தான் அந்தக் குறை முதலில் தெரியும். இமையைத் தூக்கும் தசை, கண்ணைத் திருப்பும் தசை, விழித்திரை, கைகால், கடைசியாக இதயத்துக்குத் துடிக்கச் சொல்லிச் செய்தி கொண்டுபோகும் இழைகள். இது பெரும்பாலும் பரம்பரையாக வருவதல்ல, யார் செய்த குற்றமும் அல்ல என்றார். லட்சக்கணக்கானவர்களில் ஒருவருக்கு வரும் நோய். அதற்கு இரண்டு மருத்துவர்களின் பெயரைச் சேர்த்த நீளமான பெயர். காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "அப்ப எனக்கு லோ வோல்டேஜுங்க. எங்க கடைசி லயத்துல பல்பு எரியிற மாதிரி."

மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "இதைவிடச் சுருக்கமா நானே சொல்ல முடியாதும்மா" என்றார்.

கண்ணுக்கும் தசைக்கும் மருந்து இல்லை. இதயத்துக்கு மட்டும் வழி உண்டு. மார்பில் தோலுக்கு அடியில் பேஸ்மேக்கர் என்ற கருவியை வைத்தால், இதயம் மறக்கும்போது அது நினைவூட்டும். வைக்காவிட்டால் ஒரு மயக்கம் தெளியாமலே போகும். கருவி வந்து சேரப் பத்து நாளாகும், அதுவரை இங்கேயே படுத்திருங்கள் என்றார். மருத்துவமனையின் சமூகப் பணியாளர் ஒருவர் எழுதிய கடிதங்களால் கருவி எங்களுக்குச் செலவில்லாமல் கிடைத்தது. அவருக்கு நான் ஆண்டுதோறும் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறேன்.

அவள் படுக்க மறுத்தாள்.

"ஏழு புள்ளைங்க இருக்கு. எந்தப் புள்ளைக்கு என்னன்னு எனக்குத்தான் தெரியும். வேற ஆளுக்குச் சொல்லிக் குடுத்துட்டு வர்றேங்க."

"உங்க இதயம் அதுவரைக்கும் காத்திருக்குமான்னு எனக்குத் தெரியாதும்மா."

"எனக்கும் தெரியாதுங்க."

அன்றே அவளோடு ஊருக்குப் பஸ் ஏறினேன். அது சரியான முடிவு என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். மருத்துவர் நிபந்தனைகளோடுதான் அனுப்பினார். எதையும் தூக்கக் கூடாது. தினமும் காலையில் நாடியை ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். நாற்பதுக்குக் கீழே போனால், அல்லது மயக்கம் வந்தால், அந்த நிமிடமே கிளம்ப வேண்டும்.

அவள் பிள்ளைக்காம்பராவில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். பிள்ளைகளை அவள் தூக்கவில்லை, பிள்ளைகள் அவள்மேல் ஏறின. "விழுந்தாலும் அரை அடிதான்" என்றாள். புதிதாக வந்த பெண்ணுக்கு நாள் முழுவதும் பேசிப் பேசியே எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்து காவல் காத்தார். திமிர் என்ற சொல் அவர் வாயில் அதற்குப் பிறகு வரவில்லை. ஒருநாள் என்னிடம் தனியாக, "அன்னைக்கே நான் நிமிந்து பாரு தாயின்னு சொல்லியிருக்கணும்டா" என்றார்.

காலை ஏழுக்கு மழைமானி, ஏழு ஐந்துக்கு நாடி. நாற்பத்தாறு, நாற்பத்து நான்கு, நாற்பத்தெட்டு, நாற்பத்து மூன்று. ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, மழை இல்லை. முப்பத்தாறு.

தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்து மறுபடி எண்ணினேன். முப்பத்தைந்து. மூன்றாம் முறை எண்ணினேன். முப்பத்தாறு. சராசரி எழுதலாமா, குறைந்ததை எழுதலாமா என்று பேனாவோடு யோசித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அவள் செருப்பு மாட்டி, பையோடு வாசலில் நிற்கிறாள்.

"எழுதி முடிங்க. பஸ்ஸு போயிரும். நான் இதுல போறேன், நீங்க அடுத்த பஸ்ஸுல வாங்க."

பஸ்ஸைப் பிடித்தோம். கோத்தகிரிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் அது நின்றது. பச்சைத் தேயிலைக்கு விலை கேட்டுச் சிறு விவசாயிகள் மறியல் செய்துகொண்டிருந்தார்கள். சாலை முழுக்கப் பச்சை இலையைக் கொட்டி, அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் மலையின் படகர் சமூகத்தவர், வெள்ளை வேட்டியும் வெள்ளைத் துண்டும். அன்றைக்கு மறியல் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முந்தைய நாள் டைரியில் நானே எழுதியிருந்தேன்.

வேறு வழியில்லை, இறங்கி நடந்தோம். இலைக் குவியலில் கால் புதைந்தது. அவள் மோவாயை உயர்த்திக்கொண்டு மெதுவாக நடந்தாள். யாரையும் பார்க்காமல் போவதுபோல்தான் மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கும். வேர்வை சிந்திப் பாடுபட்டு வளர்த்த இலையை ஒருத்தி மிதித்துக்கொண்டு தலையை நிமிர்த்திப் போனால் யாருக்குத்தான் பொறுக்கும். உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் உரக்கச் சொன்னார்.

"ஏனுங்க, அம்மிணி தலையக் கீழ எறக்க மாட்டாங்களா? கலெக்டரம்மாவாட்ட போறாங்க."

சுற்றிலும் சிரிப்பு. அவள் நின்றாள். முழுத் தலையையும் அவர் பக்கம் திருப்பினாள்.

"கலெக்டர்னா கார்ல போயிருப்பேங்க. எனக்கு இமை தொறக்காது. அதனால தாவாங்கட்டையால பாக்குறேன். நெஞ்சும் நின்னு நின்னு ஓடுது. ஆஸ்பத்திரிக்குப் போறோம். உங்க இலைய மிதிக்கிறதுக்கு மன்னிச்சுக்கங்க."

சொல்லிவிட்டு அங்கேயே ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது.

கேலி செய்தவர் எழுந்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை, அவளுக்கு எதிரே குனிந்து அவள் கண்ணை உற்றுப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நின்றிருந்த வண்டிகளை நோக்கி ஓடினார். மேட்டுப்பாளையத்தில் கேரட் இறக்கிவிட்டுத் திரும்பிய வேன் ஒன்று மறியலுக்கு மறுபுறம் மாட்டிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பச் சொன்னார். அவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கையாலும் காலாலும் இலையை ஒதுக்கினார்கள். ஒரு பெண்மணி ஃபிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றி அவள் உதட்டில் வைத்தார். வேன் கதவைச் சாத்தும்போது அந்த மனிதர் சொன்னார்:

"திரும்பி வர்றப்ப இன்னுங் கொஞ்சம் நிமித்திட்டு வாங்க, அம்மிணி."

முன்சீட்டில் டிரைவரோடு மூன்று பேர். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து எண்ணிக்கொண்டே வந்தேன். குலுங்கலில் எது துடிப்பு, எது சாலை என்று தெரியவில்லை. அவள் கையை உருவிக்கொண்டாள்.

"விடுங்க. நான் பேசிக்கிட்டே வர்றேன். பேசுற வரைக்கும் உயிரோட இருக்கேன்னு வச்சுக்கங்க. பேச்சு நின்னா மட்டும் பாருங்க."

பேசினாள். ஏழு பிள்ளைகளைப் பற்றி, ஒவ்வொன்றாக. மூத்தது தொட்டிலில் படுக்காது, மடியில்தான். இரட்டைகளில் சின்னதுக்கு இடி என்றால் பயம், காதைப் பொத்த வேண்டும். ஒன்று மண் தின்னும். ஒன்றுக்குத் தன் தாயின் சேலை மணம் வேண்டும், பழைய துணி ஒன்று தொட்டிலில் கிடக்கிறது, துவைத்துவிடக் கூடாது. டிரைவர் சாலையைப் பார்த்தபடியே, "மண்ணு திங்கிறதுக்கு என்னங்க செய்யிறது? எம் பையனும் திங்கிறான்" என்று கேட்டார். அதற்கும் பதில் சொன்னாள்.

குன்னூரிலிருந்து பர்லியார் வழியாக இறங்கும் சாலையல்ல இது, எங்கள் கோத்தகிரிச் சாலை. வளைவுகள் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் நீளம். ஏழாவது பிள்ளைக்கு வரும்போது பேச்சு நின்றது. நான் அவள் தோளைப் பற்றினேன். டிரைவர் பிரேக்கை மிதித்தார்.

அவள் மோவாயைத் தூக்கி என் பக்கம் திரும்பினாள்.

"யோசிச்சேன், அவ்வளவுதான். அந்தக் கடைசிப் புள்ளைக்குப் பால் பவுடர் ஆகாது, வாந்தி எடுக்கும். சொல்ல மறந்துட்டேன். எறங்கினதும் ஆபீசுக்கு ஒரு போன் போடுங்க. நிறுத்தாதீங்க அண்ணே, போங்க."

வேன் கோவை வரைக்கும் வந்தது. மருத்துவமனையில் அவளை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்ததும் நான் முதலில் தேடியது போன். என்னை அனுப்பியவள் அவள்தான். நான் திரும்பி வந்தபோது அவளை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். துடிப்பு இருபத்தெட்டுக்கு இறங்கியதாகவும், தொடை வழியாகத் தற்காலிகக் கம்பி ஒன்றைச் செலுத்தி இதயத்தை ஓட்டுவதாகவும் ஒரு செவிலியர் வந்து சொன்னார். நான்காம் நாள் கருவியை வைத்தார்கள். அந்த வியாழக்கிழமைப் பக்கத்தில் முப்பத்தாறுக்குப் பிறகு எண் எதுவும் இல்லை. ஏழு பிள்ளைகளைப் பற்றி அவள் சொன்னவை மட்டும் இருக்கின்றன. புதிய ஆயாவுக்கு அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். அவள் வேலைக்குத் திரும்பும்வரை அது பிள்ளைக்காம்பராச் சுவரில் ஒட்டியிருந்தது.

பச்சைத் தேயிலை விலை அன்றைய மறியலால் ஏறிவிடவில்லை. அவளுடைய இமைகளும் ஏறவில்லை. தூக்கித் தைத்தால் கண் மூடாமல் வறண்டுவிடும் என்று மருத்துவர்கள் தயங்கினார்கள். "இருக்கட்டுங்க, எனக்குத் தாவாங்கட்டை இருக்கு" என்றாள். கருவியை இதுவரை இரண்டு முறை மாற்றியிருக்கிறார்கள். சாயங்காலத்துக்கு மேல் என் கையைப் பிடித்துத்தான் நடக்கிறாள். உணவைச் சிறு சிறு கவளமாக, நேரமெடுத்து விழுங்குகிறாள். ஏழு ஐந்துக்கு நான் இன்னும் எண்ணுகிறேன். "மிஷின் ஓட்டுது, தினம் ஒரே கணக்குதான், அதை எதுக்கு எழுதுறீங்க?" என்று கேட்பாள். மழைப் பத்தியில் எண்கள் ஏறும், இறங்கும். அவளுடைய பத்தி எழுபதுக்குக் கீழே இறங்கியதில்லை. நான் எழுதியவற்றில் அலுக்காமல் திரும்பத் திரும்பப் படிப்பது அந்தப் பத்தியைத்தான்.

போன தை மாதம் அம்மாவின் அண்ணன் பேரனுக்குப் பெண் பார்க்கக் கூடலூர் போனோம். அம்மாவுக்கு இப்போது தடி வேண்டும். வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. பெண் தட்டை நீட்டினாள், தலை குனிந்து கும்பிட்டாள், உள்ளே திரும்பினாள். அம்மா தடியால் தரையைத் தட்டினார்.

"நில்லு தாயி. நிமிந்து என்னையப் பாரு."

பெண்ணின் தாய் நெளிந்தார். "புள்ளைக்குக் கூச்சமுங்க."

"கூச்சம் அது பாட்டுக்கு இருக்கட்டும். நிமிரு தாயி. நல்லா முழிச்சுப் பாரு. தலைய ஆட்டாம இந்தப் பக்கம் பாரு, இப்ப அந்தப் பக்கம்."

பெண் நிமிர்ந்தாள். பெரிய கண்கள், அம்மாவின் விரலோடு இடமும் வலமும் போய்வந்தன. பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். என் மனைவி மோவாயை உயர்த்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும் மாமி. அந்தப் புள்ளைக்கு எல்லாம் நல்லாத் தெரியுது. உங்க அகலத்தையே ஒரே தடவைல பாத்திருச்சு."

டைரியில் இப்படி இருக்கிறது: ஞாயிறு, பதினொன்று பத்து. மழை இல்லை. நாடி எழுபத்திரண்டு. பெண் நிமிர்ந்து பார்த்தாள்.